வாக்கியமும் திருக்கணிதமும்: பெருந்தரவுக் காலத்தில் கணிதத்தின் வேலை

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் பயிலும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "வானிலையையும் புரதத்தின் வடிவத்தையும் இப்போது சமன்பாடு எதையும் தீர்க்காமலேயே, சேர்த்து வைத்த தரவிலிருந்து இயந்திரம் சொல்லிவிடுகிறது. இனி விஞ்ஞானத்தில் கணிதத்துக்கு என்ன வேலை இருக்கப்போகிறது? வகையீட்டுச் சமன்பாடுகளோடு நாங்கள் மாரடிப்பதில் அர்த்தம் உண்டா?"

தம்பி, கடைசி வரியில் உமது சலிப்புத் தெரிகிறது. அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முந்திய வரிகள் பெரிய விஞ்ஞானிகளும் தமக்குள் வாதிட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. 2008 இல் வயர்ட் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்த கிறிஸ் அண்டர்சன், போதிய தரவு கையில் இருந்தால் கோட்பாடே வேண்டியதில்லை, எண்கள் தாமே பேசும் என்ற கருத்தில் எழுதி ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பினார். அதற்கு 48 ஆண்டுகள் முன்னர், 1960 இல், பௌதிகவியலாளர் யூஜீன் விக்னர் நேரெதிரான ஒரு வியப்பைப் பதிவு செய்திருந்தார். மனிதர் தம் மனத்துக்குள் கட்டிய கணிதம் இயற்கைக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதற்கு நியாயமான காரணம் எதுவும் தென்படவில்லையே என்பது அவருடைய வியப்பு. என்னுடைய விடை இதுதான்: கணிதத்தின் வேலை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. இயற்கையின் விதியை எழுதித் தருவது முன்னர் அதன் தலையாய பணியாக இருந்தது. இயந்திரம் தந்த விடையை எதனால் நம்பலாம், எந்த எல்லைக்கு அப்பால் நம்பக்கூடாது என்று கணித்துச் சொல்வது இன்று அதற்கு நிகரான பணியாகிவிட்டது.

இதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. எங்கள் வீட்டில் மூலையில் நூல் கோத்த இரண்டு பஞ்சாங்கங்கள் ஒரே ஆணியில் தொங்கின. ஆச்சி விரதம் பிடிப்பது வாக்கியப்படி, அதாவது மனனம் செய்த வாக்கிய அட்டவணைகளால் கணித்த பழைய பஞ்சாங்கத்தின்படி. கிரகணம் என்றால் மட்டும் அப்பு, வானில் காணும் நிலைக்கு ஒத்துவருமாறு திருத்திக் கணித்த திருக்கணிதத்தை எடுத்துப் புரட்டுவார். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரம் இரண்டிலும் வேறுவேறாக இருக்கும். இன்றும் பத்திரிகைகள் இரண்டு நேரத்தையும் அருகருகே அச்சிடுகின்றன. எது சரி என்று கேட்டால் வீட்டில் சண்டைதான் வரும். இரண்டும் எப்படி உருவாகின்றன என்று கேட்டால் உமது கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் வாக்கியத்தைப் பார்ப்போம். சந்திரன் பூமியிலிருந்து மிகத் தொலைவான நிலையில் புறப்பட்டு மீண்டும் அதே நிலைக்கு வர ஏறத்தாழ 27.55 நாள் எடுக்கும். இப்படி ஒன்பது சுற்றுக்கு 248 நாள், அதுவும் அநேகமாக மிச்சமே இல்லாமல். ஆகவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களை மனனம் செய்துவிட்டால், சந்திரன் எங்கே நிற்கிறது என்பதை எந்த நாளுக்கும் கூட்டல் கழித்தலாலேயே பெற்றுவிடலாம். வாக்கியத்தின் எழுத்துகள் இலக்கங்களைக் குறிக்கும். முதலாவது வாக்கியம் 'கீர்ந ச்ரேய'. கடபயாதி முறைப்படி அதை 3, 0, 2, 1 என்று இலக்கமாக்கி வலமிருந்து இடமாக வாசித்தால் 1203. அதாவது முதல் நாளில் சந்திரன் நகரும் தூரம் 12 பாகை 3 கலை (கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு).

இந்த முறையின் வலுவைக் காட்டும் பதிவு ஒன்று உண்டு. 1825 இல் புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், ஜோன் வாரன் என்ற ஐரோப்பியர் முன்னிலையில், நிலத்தில் சோழிகளை அடுக்கி, மனனம் செய்திருந்த அட்டவணைகளைக் கொண்டு, ஓரெழுத்தும் எழுதாமல் அந்த ஆண்டின் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம், அவ்வளவுதான் பிழை. வானியற் கோட்பாடு எதுவும் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதும் வாரனின் பதிவில் உண்டு.

உமது இயந்திரம் இந்தச் சோழி மனிதரின் வாரிசு. ஏன் என்று தெரியாமலே கணிக்கலாம், அதுவும் திறமையாகக் கணிக்கலாம் என்பதை அவர் காட்டிவிட்டார். ஆனால் தொடக்கத்தில் 4 நிமிடமாக இருந்த பிழை முடிவில் 52 நிமிடமாக வளர்ந்தது ஏன் என்று கேட்டிருந்தால் அவரிடம் விடை இருந்திராது. தன் அட்டவணை எந்த இடத்தில் தளரும் என்பதை அந்த அட்டவணையே சொல்லாது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அந்த வாக்கியங்கள் வானத்தை வெறுமனே பார்த்து எழுதிய குறிப்புகள் அல்ல. கோட்பாடு தெரிந்த கணிதர்கள், ஆரியபட்டரின் வழிவந்த கணக்குமுறைகளிலிருந்து, ஒருமுறை கடுமையாகக் கணித்துப் பிழிந்து வைத்த சாறு அவை. மனனம் செய்தவருக்குக் கணிதம் தேவைப்படவில்லை. மனனம் செய்வதற்கான பொருளைத் தந்தவர்களுக்குத் தேவைப்பட்டது.

இனி வானிலைக்கு வருவோம். 1922 இல் லூயிஸ் ஃபிரை ரிச்சட்சன் வளிமண்டலத்தின் வகையீட்டுச் சமன்பாடுகளைக் கையாலேயே தீர்த்து எதிர்வுகூறும் முயற்சியை வெளியிட்டார். 1910 மே 20 ஆம் திகதிக்கான அவரது கணக்கு, ஆறு மணித்தியாலத்தில் அமுக்கம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்றது. உண்மையில் அமுக்கம் அன்று அநேகமாக அசையவேயில்லை. சமன்பாடு பிழையல்ல, தொடக்கத் தரவின் இரைச்சலே கணக்கைக் கெடுத்தது என்பது பின்னர் தெளிந்தது. 1950 இல் எனியாக் கணினியில் முதல் எதிர்வுகூறல்கள் ஓடின. அன்றிலிருந்து எழுபது ஆண்டுகளாக இத்துறையில் சமன்பாடே அரசன். 2023 இல் நிலைமை மாறியது. ஹுவாவே நிறுவனத்தின் பாங்கு, கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் ஆகிய நரம்பு வலையமைப்புகள் (தரவிலிருந்து கற்கும் கணினி நிரல்கள்), மீகணினி மணிக்கணக்கில் செய்யும் பத்து நாள் எதிர்வுகூறலை ஒரு நிமிடத்துக்குள், பல அளவீடுகளில் அதைவிடத் துல்லியமாகத் தந்தன. அவற்றுக்கு ஒரு சமன்பாடும் ஊட்டப்படவில்லை.

ஊட்டப்படவில்லைத்தான், ஆனால் அவை எதைப் படித்தன என்று பாரும். கிராஃப்காஸ்ட் பயின்றது 1979 முதல் 2017 வரையான 39 ஆண்டுத் தரவில். ஈஆர்ஏ5 என்ற அந்தத் தொகுப்பை ஐரோப்பிய வானிலை மையம் ஆக்கியது. வங்காள விரிகுடாவின் நடுவில் ஒவ்வொரு 28 கிலோமீற்றருக்கும் ஒரு வெப்பமானியை யார் நட்டு வைத்தார்? எவருமில்லை. கப்பலும் செய்மதியும் மிதவைகளும் தந்த சிதறிய அளவீடுகளை எடுத்து, அவற்றுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களை, அதே பழைய வகையீட்டுச் சமன்பாடுகளைக் கொண்டு நிரப்பித்தான் அந்தத் தொகுப்பு ஆக்கப்பட்டது. சமன்பாட்டைத் துறந்ததாகச் சொல்லப்படும் இயந்திரம் சமன்பாடு பிசைந்து ஊட்டிய சோற்றைத்தான் உண்டு வளர்ந்தது. வாக்கியத்தின் கதை மறுபடியும் நடக்கிறது.

பயிற்சி முடிந்த பிறகும் கணிதத்துக்கு வேலை இருக்கிறது. இந்த முதற் தலைமுறை மாதிரியுருக்கள் புயலின் பாதையை நன்றாகச் சொன்னாலும் அதன் காற்றின் வேகத்தைக் குறைத்தே சொல்லின. காரணத்தை நீர் கையாலேயே கணக்கிடலாம். ஐந்து நாளுக்குப் பின்னர் வரப்போகும் புயல் ஒன்று பருத்தித்துறையில் கரை தட்டுவதற்கு அரைப்பங்கு நிகழ்தகவு, முல்லைத்தீவில் தட்டுவதற்கு அரைப்பங்கு என்று வைத்துக்கொள்வோம். தட்டும் இடத்தில் காற்று மணிக்கு 100 கிலோமீற்றர், மற்ற இடத்தில் சொல்லத்தக்க காற்று இல்லை. பயிற்சியில் இயந்திரத்துக்கு இடப்பட்ட கட்டளை, பிழையின் வர்க்கத்தைச் சராசரியாகக் குறைத்துக்கொள் என்பது. பருத்தித்துறைக்கு அது என்ன எண்ணைச் சொல்லும்? அந்த எண்ணுக்கு ஒரு மாறியை இட்டு, சராசரி வர்க்கப் பிழையை எழுதி, வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமன்செய்யும், விடை 50. முல்லைத்தீவுக்கும் 50. இரண்டு ஊருக்கும் பலத்த காற்று என்று மட்டும் சொல்லி, எந்த ஊரிலும் கூரை போகாது என்ற தோற்றத்தை அது தருகிறது. ஆனால் உண்மையில் ஓர் ஊரில் கூரை போகும். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் எந்தக் கரையில் ஏறப்போகிறது என்று வானொலிக்கு முன் இருந்தவர்களுக்கு இந்தச் சராசரியால் ஒரு பயனும் இருந்திராது.

இந்தக் குறையை மேலும் தரவைக் கொட்டித் தீர்க்க முடியாது, ஏனெனில் குறை தரவில் இல்லை. எதைக் குறைக்கச் சொன்னோம் என்ற கணிதத் தெரிவில் இருக்கிறது. திருத்தமும் கணிதத்திலிருந்தே வந்தது. ஒரே விடையைக் கேளாமல், நடக்கக்கூடிய வெவ்வேறு வானிலைகளை அவற்றின் நிகழ்தகவுப் பரம்பலிலிருந்து எழுமாற்றாக எடுத்துத் தரும் ஜென்காஸ்ட் என்ற மாதிரியுருவை 2024 இறுதியில் அதே டீப்மைண்ட் குழு வெளியிட்டது. அது ஐம்பது வானிலைகளை வரைந்தால் ஏறத்தாழ இருபத்தைந்தில் புயல் பருத்தித்துறையில் ஏறும், மற்றவற்றில் முல்லைத்தீவில் ஏறும்; ஒவ்வொன்றிலும் முழு வேகத்தோடு.

அட்டவணைக்கும் விதிக்கும் உள்ள இடைவெளியை வானியலைப் போல வேறெந்தத் துறையும் தெளிவாகக் காட்டாது. டைக்கோ பிராகே பல்லாண்டு திரட்டிய செவ்வாய்க் கிரக அளவீடுகள் அந்தக் காலத்தின் பெருந்தரவு. கெப்ளர் அவற்றுக்கு வட்டங்களால் ஆன ஒரு பாதையைப் பொருத்தினார்; 8 கலை பிழைத்தது. ஒரு பாகையின் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வேறொருவர் என்றால் விட்டிருப்பார். டைக்கோ அவ்வளவு பிழைவிடமாட்டார் என்று கெப்ளர் அறிந்திருந்தார். ஆகவே பாதையைத் தூக்கி எறிந்துவிட்டு, 1609 இல் நீள்வளையத்துக்கு வந்தார். 1687 இல் நியூற்றன் அந்த நீள்வளையத்தின் காரணத்தை ஒரு நேர்மாறு வர்க்க விதியாக எழுதினார். பயன் என்ன? 1846 இல் யுரேனசின் பாதையில் தெரிந்த சிறு தடுமாற்றத்தை வைத்து, அதுவரை இன்னதென்று எவரும் இனங்காணாத ஒரு கிரகம் வானில் இன்ன இடத்தில் இருக்கவேண்டும் என்று லெ வெரியே பாரிசில் கணித்தார். பேர்லினில் கல்லே தொலைநோக்கியைத் திருப்பிய முதல் இரவிலேயே, கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது. எந்த வாக்கியமும் நெப்டியூனைச் சொல்லியிராது. பார்த்ததை ஒட்டியே பேச முடிந்தது அட்டவணை. பாராததைப் பற்றியும் துணிந்து பேசுவது விதி.

இன்றைய இயந்திரங்களிலும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2025 இல் ஹாவாட், எம்ஐடி ஆய்வாளர்கள், கிரகப் பாதைகளைக் கணிக்கப் பயிற்றிய ஒரு வலையமைப்பை எடுத்தார்கள். பாதையை அது அழகாகக் கணித்தது. அதே வலையமைப்பிடம் விசையைக் கேட்டபோது நியூற்றனின் விதி வரவில்லை. பொருளற்ற கோவைகள் வந்தன. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2022 இல் வேறொரு குழு, இயக்க விதிகளையும் தாக்கத்துக்குச் சமனான மறுதாக்கம் உண்டு என்பதையும் வலையமைப்பின் அமைப்புக்குள்ளேயே பொதித்து, சூரியக் குடும்பத்தின் 30 ஆண்டு அசைவுகளைக் காட்டியபோது, ஈர்ப்பு விதி மீண்டும் கிடைத்தது. தரவு இரண்டிலும் ஏராளம். முன்கூட்டியே போட்ட கணிதக் கட்டுப்பாடுதான் வேறுபாடு.

புரதத்தின் வடிவம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது மெய்யாகவே தரவின் வெற்றி. புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற வலையமைப்பு 2020 இல் சாதித்ததற்கு 2024 இல் டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோருக்கு இரசாயனவியல் நொபெல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. அதன் அடியில், 1971 இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியில் ஆய்வுகூடங்கள் பாடுபட்டுச் சேர்த்த ஏறத்தாழ 170,000 கட்டமைப்புகள் இருந்தன. புரதத்தைத் திருப்பினாலும் நகர்த்தினாலும் அது அதே புரதம்தான் என்ற கேத்திரகணித உண்மை வலையமைப்புக்குள் பொதிக்கப்பட்டிருந்தது. இறுதி வடிவத்தை அது சொல்கிறது. சங்கிலி எப்படி மடிந்து அந்த வடிவத்தை அடைகிறது என்பதைச் சொல்வதில்லை.

உமது கேள்வியில் இல்லாத, ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிற விடயம் ஒன்று உண்டு. தரவு பெரியதாக இருந்தால் பிழை சிறியதாகிவிடும் என்ற நம்பிக்கை அது. எழுமாற்றாக எடுத்த மாதிரிக்கு அது உண்மை. பெருந்தரவு என்று இன்று கிடைப்பதில் அநேகமானவை எழுமாற்றாக எடுத்தவை அல்ல. தாமாக வந்து சேர்ந்தவை.

குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறியிருப்பதும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் பசளைக்கும் அதற்கும் உள்ள தொடர்பும் உமக்குத் தெரிந்தவை. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வைத்திருக்கிறது. கிணறுகளில் எத்தனை சதவீதம் இந்த எல்லையைத் தாண்டியிருக்கின்றன என்று அறிய ஒருவர் விரும்புகிறார். விரும்பியவர்கள் தங்கள் கிணற்று நீரைப் போத்தலில் கொண்டுவந்து இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம் என்று அறிவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யார் வருவார்கள்? தோட்டத்துக்கு அருகே கிணறு உள்ளவர், குழந்தை உள்ளவர், தண்ணீரில் ஏற்கெனவே ஐயம் கொண்டவர். குழாய்நீர் வந்த வீட்டுக்காரர் போத்தலைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார். பத்தாயிரம் போத்தல் வந்தாலும் இந்தச் சாய்வு போகாது.

சாய்வின் விலையை 2018 இல் ஹாவாட் பல்கலைக்கழகப் புள்ளிவிபரவியலாளர் சியாவோ லி மெங் ஒரு சமன்பாடாகவே எழுதிவிட்டார். மாதிரிச் சராசரியின் பிழை மூன்று காரணிகளின் பெருக்கம்: அளக்கப்படும் கணியம் ஊருக்குள் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பது ஒன்று, மொத்தத்தில் எத்தனை பங்கு நம் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது மற்றொன்று, தரவில் சேர்வதற்கும் அளக்கப்படும் பெறுமானத்துக்கும் இடையிலான இணைபுக் குணகம் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதன் அளவு) மூன்றாவது. இந்தக் குணகம் 0.005 மட்டுமே என்று கொள்ளும். எந்த ஆய்வாளரும் கண்ணால் காணமுடியாத அளவு சிறியது. மக்கள்தொகையில் 1 சதவீதத்தினரின் தரவு கையில் இருக்கிறது. 0.01 ஐ 0.99 ஆல் வகுத்து, 0.005 இன் வர்க்கத்தாலும் வகுத்துப் பாரும்: 404. அதாவது அவ்வளவு தரவும் ஏறத்தாழ 400 பேரை எழுமாற்றாகத் தெரிந்து கேட்டதற்குச் சமன். மெங் எடுத்துக்கொண்டது 2016 ஆம் ஆண்டு அமெரிக்க சனாதிபதித் தேர்தல். அங்கே 1 சதவீதம் என்பது 23 இலட்சம் வாக்காளர். இருபத்து மூன்று இலட்சம், நானூறாகச் சுருங்குகிறது. முதன்முறை இந்தக் கணக்கைப் பார்த்தபோது நான் எங்கோ தசமப் புள்ளியைத் தவறவிட்டுவிட்டேன் என்று எண்ணி மறுபடி செய்து பார்த்தேன்.

தரவு நீளத்தில் மட்டும் வளரவில்லை, அகலத்திலும் வளர்கிறது. மனிதருக்கு ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். ஒரு நோயோடு இவற்றில் ஒன்றுக்கும் தொடர்பே இல்லை என்று வைத்து, ஒவ்வொன்றையும் 5 சதவீதப் பொருளுண்மை மட்டத்தில் (இல்லாத தொடர்பை இருபதில் ஒரு தடவை இருப்பதாகக் காட்டும் அளவுகோலில்) சோதித்தால், 1,000 மரபணுக்கள் தொடர்புள்ளவை போல எழுந்து நிற்கும். 1995 இல் பெஞ்சமினியும் ஹொக்பேர்க்கும், கண்டுபிடிப்பு என்று அறிவிப்பவற்றில் போலிகளின் விகிதத்தை ஓர் எல்லைக்குள் அடக்கி வைக்கும் முறையைத் தந்தார்கள். இன்றைய மரபணுவியல் அதன்மேல் நிற்கிறது. ஹிக்ஸ் துகளை 2012 யூலை 4 ஆம் திகதி அறிவித்த ஜெனீவா ஆய்வாளர்கள் ஐந்து நியம விலகலுக்குக் குறைந்த சான்றை ஏற்க மறுத்ததும் இதே அச்சத்தால்தான்; அது தற்செயலாக நேர்வதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்று. அவர்களுடைய மோதுகருவியில் புரோத்தன் கற்றைகள் அப்போது செக்கனுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட தடவை குறுக்கிட்டன. சேமிக்கப்பட்டவை செக்கனுக்குச் சில நூறு நிகழ்வுகள் மட்டுமே. எதை வைத்துக்கொள்வது, எதை வீசிவிடுவது என்று கணப்பொழுதில் முடிவு செய்வது கோட்பாட்டிலிருந்து வடித்த விதிகள். எண்கள் தாமே பேசும் என்றவர்கள் இந்தக் கூடத்தின் வாசலில் ஒருநாள் நின்றிருக்கலாம்.

அகலம் இன்னொரு விசித்திரத்தையும் செய்கிறது. ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை எடும். அதன் தோல், பழத்தின் பருமட்டான ஆரையில் நூற்றில் ஒரு பங்குத் தடிப்பு என்று கொள்ளும். தோலை உரித்தால் மிஞ்சுவது 0.99 இன் மூன்றாம் அடுக்கு; அதாவது கனவளவில் 3 சதவீதம் தோலோடு போகும், 97 சதவீதம் உமக்கு. இனி 100 பரிமாணத்தில் ஒரு மாம்பழம். 0.99 இன் நூறாம் அடுக்கு ஏறத்தாழ 0.37, பழத்தில் 63 சதவீதம் தோல். 1,000 பரிமாணத்தில் 99.99 சதவீதத்துக்கும் மேல் தோல், உண்ண ஒன்றுமில்லை. ஒவ்வொரு நோயாளியையும் 20,000 மரபணு அளவீடுகளால் குறிக்கும்போது, நாம் இத்தகைய ஒரு பழத்துக்குள் இருக்கிறோம். எல்லாப் புள்ளிகளும் விளிம்பில். அயலவர் என்று சொல்ல அருகில் எவருமில்லை. சராசரி மனிதன் இருக்கவேண்டிய நடுப்பகுதி வெறிச்சென்று கிடக்கிறது. அப்படியிருந்தும் இயந்திரம் கற்கிறது என்றால், மெய்யான தரவு அந்தப் பெருவெளியை நிரப்பாமல் அதற்குள் நெளியும் ஒரு மெல்லிய தாளின் மேல் கிடக்கிறது என்றுதான் பொருள். அந்தத் தாளின் வடிவத்தைத் தேடும் வேலை இடத்தியலுக்கும் கேத்திரகணிதத்துக்கும் நேர்கோட்டு அட்சரகணிதத்துக்கும் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது.

கணிதம் கடன்பட்டு நிற்கும் இடமும் ஒன்றுண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நான்கு பரமானங்கள் (மாதிரியுருவில் தரவுக்கேற்ப மாற்றக்கூடிய எண்கள்) தந்தால் ஒரு யானையையே பொருத்துவேன், ஐந்தாவதும் தந்தால் துதிக்கையை ஆட்டச் செய்வேன் என்று கணிதவியலாளர் ஜோன் வொன் நொய்மன் சொன்னதாகப் பௌதிகவியலாளர் ஃபெர்மி ஒருமுறை நினைவுகூர்ந்தார். பரமானம் கூடினால் பொருத்தம் கூடும், எதிர்வுகூறும் திறன் கெடும் என்பதுதான் நாங்கள் படித்த, படிப்பித்த பாடம். இன்றைய வலையமைப்புகளில் பரமானங்கள் கோடிக்கணக்கில். ஆனாலும் அவை புதிய தரவில் நன்றாகவே நிற்கின்றன. பரமானங்களைத் தரவின் எண்ணிக்கைக்கும் மேலாகக் கூட்டிக்கொண்டே போனால், ஏறிய பிழை மறுபடியும் இறங்கத் தொடங்கும் என்பதை 2019 இல் மிகாயில் பெல்கினும் உடனாய்வாளர்களும் காட்டினார்கள். எளிய மாதிரியுருக்களில் காரணம் நிறுவப்பட்டிருக்கிறது. ஆழ்ந்த வலையமைப்புகளுக்கு முழுமையான நிறுவல் இல்லை. உமது தலைமுறைக்கு வேலை இல்லை என்று எவராவது சொன்னால் இந்த இடத்தைக் காட்டும்.

தூய கணிதம் தரவைக் கண்டு முகம் சுளித்ததாகவும் எண்ணவேண்டாம். முதன்மை எண்களின் அட்டவணையைப் பதினைந்து வயதளவில் புரட்டிக்கொண்டிருந்த கௌஸ், அவை எவ்வளவு அடர்த்தியாக வருகின்றன என்பதை அந்த அட்டவணையிலிருந்தே ஊகித்தார். நிறுவல் வர நூறாண்டு பிடித்தது. 2022 இல் நீள்வளைய வளையிகளின் (ஒருவகை முப்படிச் சமன்பாடுகள் தரும் வளையிகள்; கெப்ளரின் நீள்வளையம் அல்ல) பெருந்தொகுப்பு ஒன்றைச் சராசரி எடுத்துக்கொண்டிருந்த குழுவில், அலெக்சி பொஸ்ட்னியாகோவ் என்ற பட்டப்படிப்பு மாணவர், வானில் திரளும் பறவைக் கூட்டம் போல அலையும் ஒரு கோலத்தைக் கண்டார். அதை எதிர்பார்த்தவர் எவருமில்லை. அதன் காரணத்தைத் தேடுவது இப்போது எண் கோட்பாட்டின் சுறுசுறுப்பான வேலைகளில் ஒன்று.

ஆனால் அதே எண் கோட்பாடு கடுமையான ஓர் எச்சரிக்கையையும் வைத்திருக்கிறது. ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை முதன்மை எண்கள் உள்ளன என்பதை ஒரு மடக்கைத் தொகையீட்டால் மதிப்பிடலாம். இதுவரை எண்ணிப் பார்த்த எல்லையெங்கும் அந்த மதிப்பீடு, தொடக்கத்துச் சில சிறு எண்களை விட்டால், உண்மைத் தொகையைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. எந்த இயந்திரமும் இதிலிருந்து கற்பது ஒன்றே: மதிப்பீடு எப்போதும் கூடுதல். 1914 இல் கணிதவியலாளர் லிட்டில்வூட், இந்த நிலை மாறும், அதுவும் முடிவின்றிப் பல தடவை தலைகீழாகும் என்று நிறுவினார். தலைகீழாகும் இடமாக அறியப்பட்டது 10 இன் 316 ஆம் அடுக்கின் அருகே இருக்கிறது. உலகத்துக் கணினிகள் எல்லாம் கூடி எண்ணினாலும் அங்கே போய்ச் சேராது. நிறுவல் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

உமது கடைசிக் கேள்விக்கு நேரான விடை: வகையீட்டை விடவேண்டாம். வலையமைப்பைப் பயிற்றும் முறை முழுவதும் நீர் படிக்கும் சங்கிலி விதியைக் கோடிக்கணக்கான மாறிகளில் திரும்பத் திரும்பப் பிரயோகிப்பதுதான். தாயங்களைக் கைக்கணக்காக மட்டும் செய்யாமல் அவை காவிகளை எங்கே திருப்புகின்றன என்று படம் வரைந்து பாரும். இணைந்த கணிதம் இரண்டாம் வினாத்தாளில், நேரம் மிஞ்சினால் செய்யலாம் என்று அநேகர் கடைசிக்குத் தள்ளிவிடுகிற நிகழ்தகவையும் புள்ளிவிபரவியலையும் முன்னுக்குக் கொண்டுவாரும். பரீட்சைக்காக இதை நான் சொல்லவில்லை.

இடையில் ஒரு சிறு வேலையும் செய்து பாரும். இரண்டு பஞ்சாங்கங்களையும் எடுத்து, அடுத்தடுத்த இரண்டு மாதங்களுக்கு ஒவ்வொரு திதியும் முடியும் நேரத்தை இரண்டிலிருந்தும் எழுதி, வித்தியாசத்தை நிமிடத்தில் கணித்து, நாளுக்கு எதிராக வரையும். அறுபது புள்ளிகள்தான். அவை எழுமாற்றாகச் சிதறிக் கிடக்கமாட்டா; அமாவாசை, பூரணையை அண்டிய நாட்களில் பொதுவாகச் சிறுத்தும், அட்டமியை அண்டிய நாட்களில் பெருத்தும் அலை போல ஏறி இறங்கும். சூரியனின் ஈர்ப்பு சந்திரனின் பாதையைக் குலைப்பதில் ஒரு பகுதியை வாக்கியம் சேர்த்துக்கொள்ளவில்லை. கிரகணங்களைச் சரியாகச் சொல்லத் தீட்டப்பட்ட அட்டவணை என்பதால் அந்தக் குறை அமாவாசை, பூரணைகளில் மறைந்து அட்டமியில் தலைகாட்டுகிறது. அலையின் உயரம் எத்தனை நிமிடம் வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதும்.